அத்தையின் ஜீப் மேம்பாலம் ஏறிய வருஷம்

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவார். கழற்றிய செருப்பைச் சீட்டுக்குப் பின்னால் ஜோடி சேர்த்து வைப்பார். புடவைக் கொசுவத்தை வலது கையால் வழித்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டியரிங்கைப் பற்றி, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். என் மனைவியின் அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது இந்தக் கோலத்தில்தான். அப்போது அவர் எனக்கு அத்தை ஆகியிருக்கவில்லை. கரூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னை வந்தவன் நான். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று அவள் வீட்டில் சொல்வதற்காக, இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு பை ஆப்பிளுமாக ஆவடி ரயில் நிலைய வாசலில் நின்றிருந்தேன். பச்சை நிறம் வெளுத்துப்போன ஒரு பழைய ஜீப் என் முன்னால் வந்து உறுமி நின்றது. ஓட்டி வந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். “ஏறுங்க தம்பி. கதவு கெடையாது, கெட்டியாப் புடிச்சிக்கங்க” என்றார். வீடு வரைக்கும் வேறு ஒரு வார்த்தை இல்லை. பெண் கேட்டு வந்தவனை வழியில் தள்ளிவிட்டுப் போக நினைத்தால் இதைவிட வசதியான வண்டி கிடைக்காது என்று எண்ணியபடி, ஆப்பிள் பையை மடியிலும் கம்பியைக் கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

என்னை அவருக்கு அப்போது பிடிக்கவில்லை. அதில் நியாயம் இருந்தது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலை விட்டு விலகாத கத்தோலிக்கக் குடும்பம். நான் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கும் வீட்டிலிருந்து வந்தவன். அவருக்கு இருப்பதோ ஒரே மகள். போதாக்குறைக்கு, மாமா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அத்தை. காய்ச்சலில் பினாத்துகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகத்தோடு நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் மகளின் பிடிவாதம் ஜெயித்தது. கல்யாணத்துக்குப் பிறகு என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டார், குழம்பில் நல்ல மீன் துண்டாகப் பார்த்து எனக்கு எடுத்து வைத்தார், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த மரியாதையிலேயே ஒரு தூரம் இருந்தது. வானகரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, “வரேன் மாப்ள” என்று கிளம்பிவிடுவார். அந்தத் தூரத்தைக் குறைத்தது நானும் இல்லை, என் மனைவியும் இல்லை. அந்தக் கிழட்டு ஜீப்தான்.

மாமாவை நான் பார்த்ததில்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர், லேத் மெஷினில் இரும்பைக் கடைந்து கடைந்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனவர் என்று கேள்வி. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பெட்ரோல் ஜீப் ஒன்றை இளம் வயதில் ஆசைப்பட்டு எடுத்து வந்திருக்கிறார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று பெயர்தான். அதற்கான கியர் கம்பி துருப்பிடித்து உறைந்து வருஷங்களாகியிருந்தது, மாற்றச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. மற்றபடி வண்டியைப் பச்சைக் குழந்தையைப் போல வைத்திருந்தார். எந்த மெக்கானிக்கையும் கிட்டே விடமாட்டார், எல்லாம் தன் கையாலேயே செய்வார். அத்தைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கற்றுக்கொடுத்துவிட்டு அவஸ்தைப்பட்டதும் அவரேதான் என்பாள் என் மனைவி. அத்தைக்கு வேகம் பிடிக்கும். டூட்டி முடிந்து வரும்போது சாலை காலியாகக் கிடந்தால் அவருக்குக் கால் பரபரக்கும். மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ‘மெதுவா, மெதுவா’ என்று ஜெபமாலை சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டே வருவாராம்.

மாதா திருவிழாவின் கடைசி நாள் மாலையில் சப்பரம் புறப்படும். மற்ற ஊர்களில் தோளில் சுமப்பார்கள், வடம் பிடித்து இழுப்பார்கள். எங்கள் பங்கில், அதாவது அந்த மாதா கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், ஒரு சிக்கல் உண்டு. கோயில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் பாதி அந்தப் பக்கம். அண்ணனூர் பக்கத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கினால்தான் மாதா அவர்கள் தெருவுக்குப் போக முடியும். அதனால் மாதா சொரூபம், பூ அலங்காரம், சீரியல் விளக்கு, அதற்கு ஒரு ஜெனரேட்டர், இறக்கை கட்டிச் சம்மனசு வேஷம் போட்ட குழந்தைகள் எல்லாவற்றையும் ஒரு டிரெய்லரில் ஏற்றி, அதை மாமாவின் ஜீப்பில் மாட்டி இழுப்பது வழக்கமாகிவிட்டது. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் மாமா வண்டியை நிறுத்துவார். கீழே ஷெட்டில் வரிசையாக நிற்கும் மின்சார ரயில்களைப் பார்த்தபடி எல்லாரும் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்குவார்கள். அவர் இறந்த வருஷம் துக்கம் என்பதால் வேறு வண்டி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம், நாங்கள் கல்யாணமாகி வந்த முதல் திருவிழாவில், அத்தை தானே இழுப்பதாகச் சொன்னார். சரிகைக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஜீப் தெருவெல்லாம் ஒழுங்காக வந்தது. பாலத்தின் சரிவில் பாதி தூரம் போனதும் முக்கியது, முனகியது, பிறகு நின்றேவிட்டது. சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டு, நான் உட்பட எல்லாருமாகச் சேர்ந்து மூச்சு வாங்க உச்சிவரை தள்ளினோம். தள்ளியவர்களில் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், “அண்ணன் இருந்தா ஏறியிருக்கும். அது அவரு காலு” என்று சொன்னார். அத்தை காதில் அது விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து கூடிய பங்குப் பேரவையில், இனிமேல் குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று பேச்சு வந்தது. அத்தையின் வயதையும் கருதித்தான் சொன்னார்கள். அத்தை எழுந்து நின்று, ஒரே ஒரு வருஷம் கொடுங்கள் என்று கேட்டார். அடுத்த திருவிழாவிலும் ஏறவில்லை என்றால் ஜீப்பைக் காயலான் கடையில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் மனைவி வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா நினைவாக இருக்கிற ஒரே பொருள் அது, அதைப் போய் அம்மா பந்தயம் வைத்துவிட்டாளே என்று. மறுநாள் என் கைப்பேசியில் அத்தையின் எண் வந்தது. அவர் எனக்கு ஃபோன் செய்தது அதுவே முதல் தடவை. “மாப்ள, நீங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடிப் பாப்பீங்களே. பழைய பெட்ரோல் இன்ஜின்ல பவர ஏத்தணும்னா இன்னா பண்ணணும்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்று கேட்டார். எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் எங்கே ஊற்ற வேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த தயக்கத்தைக் கேட்ட பிறகு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் நானும் அத்தையும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே இருந்த மெக்கானிக் மலை மாதிரி உடம்பும் மெல்லிய குரலும் உடையவர். அத்தையை ‘நர்சம்மா’ என்றும் என்னை ‘சார்’ என்றும் கூப்பிடுவார். ஆனால் இருவரையும் நீ, வா, போதான். வாரம் முழுக்க வீடியோ பார்த்து நான் சேர்த்துவைத்த ஞானத்தை அவரிடம் ஒப்பிப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தனக்குத் தோன்றியதைச் செய்வார். முதலில் பிளக், பாயின்ட், டைமிங் எல்லாம் பார்த்தார். பிறகு கார்ப்பரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டைப் பெரிதாக்கினார். ஜீப் கறுப்புப் புகையைக் கக்கியது, முத்தாபுதுப்பேட்டை வரை போய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் முள் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்துவிட்டு, இன்ஜின் ஹெட்டைக் கழற்றிச் சீவிக்கொண்டு வந்தார். உள்ளே இடம் குறைந்தால் பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுகும், அடி பலமாக விழும் என்பது கணக்கு. கடைசியில் சைலன்சரையும் மாற்றினோம். அதன்பிறகு அத்தை வருவது அவர் தெருவில் திரும்புவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழும், அத்தை இறங்கிப்போய் அதை வாங்கித் தோளில் போட்டுச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போவார்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இன்ஜினோரம் நின்று, கையாலேயே கார்ப்பரேட்டர் கம்பியை முறுக்கிக் காட்டுவார். கொட்டகையின் தகரமே அதிரும். “வண்டி சிங்கம் மாதிரி கீது நர்சம்மா. பயப்படாம இட்டுகினு போ” என்பார். சமதளத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பிறகு டிரெய்லரில் மாதாவுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போவோம். சரிவில் பாதி ஏறியதும் சிங்கம் பூனையாகிவிடும். மெல்லப் பின்னால் உருட்டி இறக்கிக் கொண்டுவருவோம். சுமையோடு பாலம் ஏறும்போது அத்தை வேறு யாரிடமும் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. ஆகவே இன்ஜினில் குறை இல்லை என்று ஒவ்வொரு தடவை நிரூபணமாகும்போதும், குறை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் மிஞ்சும். மெக்கானிக் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். பாவம், அத்தையின் காலை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு, கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தை டீயை ஆற்றிக்கொண்டே, நான் கேட்காமலே, மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையைப் பற்றிச் சொன்னார். விடிந்து சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆம்புலன்சுக்குக் காத்திருக்க மனமில்லாமல், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அவரை ஜீப்பில் தூக்கி வைத்து, தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். சாலை காலியாகத்தான் இருந்ததாம். “மிதிக்கிறேன் மாப்ள, போவல. எவ்ளோ மிதிச்சாலும் வண்டி போவல” என்றார். மாமா அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ என்று, எல்லாரும் சொல்வதைப்போல ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது அத்தையின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. எத்தனையோ பேரை அவசரத்தில் தாங்கிப் பிடித்த நர்ஸ், தன் வீட்டு மனிதருக்கு ஆபத்து என்றதும் பயத்தில் கால் மரத்துப்போய்ச் சரியாக மிதிக்காமல் விட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தார். பாலத்தில் ஜீப் நின்றபோது அவருக்கு அந்த நாளின் காலைப் பொழுதுதான் திரும்ப வந்திருக்கிறது. “என் காலு அன்னிக்குப் பயந்துடுச்சு மாப்ள. இன்னும் பயந்துகினுதான் கீது. அந்தப் பாலம் ஏறிட்டா எனக்கு அது போதும்” என்றார். டீ கிளாசை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

திருவிழாக் கொடியேற்றத்துக்குச் சில நாட்களே இருந்தன. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனோம். அன்று மெக்கானிக்கின் வலது கையில் துணி சுற்றியிருந்தது; சூடான சைலன்சரில் பட்டுப் பொசுங்கிவிட்டதாம். அத்தை அவரை உட்காரவைத்து, கட்டைப் பிரித்துப் பார்த்து, திட்டிக்கொண்டே மறுபடி சுத்தமாகக் கட்டிவிட்டார். கையால் கம்பியை முறுக்க முடியாது என்பதால் மெக்கானிக் என்னை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். அந்த சீட்டில் நான் உட்காருவது அதுவே முதல் தடவை. மிதித்தேன். முழுசா மிதி என்றார். முழுசாகத்தான் மிதித்திருக்கிறேன் என்றேன். அவர் கார்ப்பரேட்டருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், பாதிதான் தொறக்குது. உனக்கும் கால்ல வலுவு இல்லியா?” என்றார். எழுந்து நின்று என் உடம்பின் முழு எடையையும் காலில் இறக்கினேன். இவ்வளவுதான் போகிறது என்றேன். அவர் தலையைச் சொறிந்தபடி சுற்றி வந்து பெடலைப் பார்த்தார். கம்பியில் கோளாறு இல்லை. பெடல் போய் இடிக்கும் இடத்தில், தரையில் விரித்திருந்த கனமான ரப்பர் ஷீட் கொஞ்சம் புடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ஷீட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பது அத்தையின் சட்டம். வண்டி கழுவும்போதுகூட அதன்மேல் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மாமா கடைசியாகத் தன் கையால் விரித்து வைத்தது அது. மெக்கானிக்குக்கும் இது தெரியும், அதனால்தான் இத்தனை மாதமும் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அத்தை என்னை இறங்கச் சொல்லிவிட்டு, தானே மண்டியிட்டு அந்த ஷீட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். அடியில் தரைத்தகட்டில் ஓட்டை போட்டு ஒரு போல்ட் முடுக்கியிருந்தது. கட்டைவிரல் தடிமன். பெடலைப் பாதியிலேயே தடுத்து நிறுத்தும் உயரத்துக்கு அது தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஸ்பானர் தேவையில்லாமல் விரலாலேயே திருகி ஏற்றவும் இறக்கவும் வசதியாக, அதன் தலையைச் சுற்றி வழுக்காத மாதிரி சன்னமாக வரி வெட்டியிருந்தது. “இது கடைல வாங்குனது இல்ல நர்சம்மா. லேத்துல போட்டுக் கடஞ்சிருக்காரு” என்றார் மெக்கானிக். இதைச் சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடவும் மெலிந்துபோயிருந்தது.

அத்தை அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வண்டி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மாமா ஓடி வந்து, டிரைவர் பக்கம் மண்டிபோட்டுக் குனிந்து, அந்த ரப்பர் ஷீட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாராம். பெண்டாட்டியின் பாதத்தில் தூசி படக்கூடாது என்று பார்க்கிற மனுஷன் என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தான் ஓட்டும்போது மாமா அதை இறக்கிக்கொள்வார், அத்தை ஓட்டும்போது ஏற்றிவைப்பார். வாய் வலிக்க ‘மெதுவா’ என்று சொல்லிப் பார்த்துப் பலிக்காமல் செய்த ஏற்பாடு. கடைசியாக, அந்தக் காலைக்கு முந்தைய நாள் அத்தை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனபோது ஏற்றிவைத்தது அப்படியே நின்றுவிட்டது. இதெல்லாம் அத்தையின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தன் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தார். “அப்ப என் காலு இல்ல மாப்ள” என்றார். “நான் நல்லாத்தான் மிதிச்சிருக்கேன்.” நான் அழுதுவிட்டேன். மாமியார் முன்னால், மெக்கானிக் ஷெட்டில், கிரீஸ் படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் தன் முந்தானையை என்னிடம் நீட்டினார், துடைத்துக்கொள்ளச் சொல்லி.

அந்த நிம்மதி அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் காலையில் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் மாமாவுக்குப் பூ வைப்பது அவருடைய தவறாத வழக்கம். அந்த வாரம் போகவில்லை. வாங்கிய பூவை வீட்டில் இருந்த மாதா படத்துக்கே போட்டுவிட்டார். என் மனைவி கேட்டதற்கு, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போல்ட் வைத்த ஆளுக்குப் பூ ஒரு கேடா என்றாராம். அடுத்த ஞாயிறு என்னையும் கூட வரச்சொன்னார். நான் கல்லறை வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே அவர் இடுப்பில் கைவைத்து நின்று நெடுநேரம் பேசுவது தெரிந்தது. ஜெபம் மாதிரி தெரியவில்லை, சண்டை மாதிரிதான் தெரிந்தது. திரும்பி வந்து ஜீப்பில் ஏறியதும், சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வழியெல்லாம் மாமா பக்கத்திலிருந்து கையை அத்தையின் காலடிக்கு நீட்டிக்கொண்டே வந்தாராம். அந்த நிலையிலும் மெதுவாகப் போ என்று சொல்கிறார் என்று நினைத்து அத்தை தட்டிவிட்டிருக்கிறார். “அத எறக்கி உடத்தான் கைய நீட்டிருக்காரு. பாவம், எட்டல” என்றார். பிறகு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி அவர் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

திருவிழா மாலையில் அத்தை பாலம் ஏறினார். போல்ட்டைக் கழற்றவில்லை, அடிவரை இறக்கி மட்டும் வைத்திருந்தார். நாங்கள் மாதக்கணக்கில் செய்த வேலையெல்லாம் அன்றுதான் மொத்தமாக வெளியே வந்தது. சரிவு தொடங்கிய இடத்தில் ஜீப் ஒரு தடவை குதித்தது. டிரெய்லரில் இருந்த சம்மனசுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சிரித்தன. சைலன்சர் சத்தத்தில் பாட்டுக் குழுவின் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. தள்ளுவதற்காகப் பின்னால் தயாராக வந்த இளைஞர்கள் பிடிக்க முடியாமல் ஓட வேண்டியதாயிற்று. பங்குத் தந்தையே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். மாதா அன்று போன வேகத்தில் அதற்கு முன்போ பின்போ எந்தச் சப்பரமும் போயிருக்காது. உச்சியில் அத்தை வண்டியை நிறுத்தி, கீழே நின்ற ரயில்களைப் பார்த்துக்கொண்டு, மூச்சிரைக்க நாங்கள் வந்து சேரும்வரை காத்திருந்தார். முந்தின வருஷம் ‘அது அவரு காலு’ என்று சொன்னவர் கிட்டே போய் ஏதோ சொன்னார். அத்தை சிரித்துக்கொண்டே தலையாட்டியதைப் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து என் மனைவி உண்டானாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஸ்கேன் எடுக்கப் போக வேண்டியிருந்தது. எங்கள் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அத்தைக்கு அன்று ஜுரம். அவர் உள்ளே போய் ஜீப் சாவியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். நான் நம்ப முடியாமல் வாங்கிக்கொண்டேன். என்ன தோன்றியதோ, நானும் செருப்பைக் கழற்றினேன். “இருங்க மாப்ள” என்று அவர் ஜுரத்தோடு வந்து, டிரைவர் பக்கம் மண்டியிட்டுக் குனிந்து, ரப்பர் ஷீட்டைச் சரிசெய்துவிட்டு எழுந்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, “பாத்துப் போங்க” என்றார். சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பெரிய சாலைக்கு வந்து, ஒரு லாரியை முந்தலாம் என்று மிதித்தேன். போகவில்லை. இன்னும் மிதித்தேன். அப்போதுதான் புரிந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து என் மனைவி ஏன் என்று கேட்டாள். உங்க அம்மா ஷீட்டைச் சரிபண்ணிவிட்டாங்க என்றேன். அவளும் சிரிக்கத் தொடங்கினாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க ஊட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் அத வெப்பாங்க” என்றாள்.

அத்தை போய் இரண்டு வருஷமாகிறது. ஜீப் இப்போது வானகரத்தில் எங்கள் ஃப்ளாட்டின் கீழே, பளபளக்கும் கார்களுக்கு நடுவில் நிற்கிறது. கராஜுக்கு அனுப்பிவிடுங்களேன் என்று அசோசியேஷன் செயலாளர் மாதத்துக்கு ஒரு தடவை மரியாதையாகக் கேட்பார், நானும் மரியாதையாகச் சிரித்துவைப்பேன். திருவிழாவன்று மாலை மட்டும் என் மனைவி குனிந்து போல்ட்டை இறக்கிவைப்பாள், சம்மனசு உடையில் என் மகள் டிரெய்லரில் நிற்க, நான் பாலம் ஏறுவேன். மறுநாள் காலையில் அது பழைய உயரத்துக்கு வந்திருக்கும். அப்புறம் வருஷம் முழுக்க அந்த வண்டியை என்ன மிதித்தாலும் பாதி வேகம்தான். எந்தச் சரிவில் ஏறினாலும் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், ஜன்னலை இறக்கித் திட்டுகிறார்கள். இந்தக் கிழட்டு இன்ஜினில் இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அவர்களிடம் இறங்கிப்போய்ச் சொல்ல எனக்கு ஆசைதான். சொல்லாமல், இடது ஓரமாக ஒதுங்கி, அவர்களுக்கு வழிவிட்டு, மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.